எண்ணெய்ச் சட்டியும் இஸ்திரிப் பெட்டியும்

அந்தத் தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் சலவைக் கடை எங்கே என்று கேட்டால், கேட்கப்பட்டவர் கொஞ்சம் விழிப்பார். பிறகு, "ஓ, மொறுமொறு கடையா? அப்படிச் சொல்லுங்க!" என்று கையைக் காட்டுவார். கடைக்காரருக்கு வீட்டில் வைத்த பெயர் அவருக்கே மறந்து போயிருக்கலாம். அவர் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை ஆள் இல்லாமலே நிற்கும், அதனால் வந்த பெயர் என்று அவர் சொல்லிக்கொள்வார். அவர் மனைவியைக் கேட்டால் வேறு கதை வரும்.

"சட்டையாவது மண்ணாவது! சாயங்காலமானா இந்த மனுஷன் வாயிலருந்து வர்ற சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும். அதான் அந்தப் பேரு."

இரண்டும் உண்மைதான். பகலெல்லாம் இஸ்திரி மேஜை, கடை சாத்தியதும் எண்ணெய்ச் சட்டி. வலது கையில் இஸ்திரிப் பெட்டி இழுத்த கோடுகள், இடது கையில் எண்ணெய் தெறித்த புள்ளிகள். உருளைக்கிழங்கு, மீன், கத்திரிக்காய், வெங்காயம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் பொரிப்பார். தின்பதெல்லாம் எங்கே போகிறதோ, ஆள் மட்டும் கொடிக்கம்பி போல இருந்தார்.

மனைவி கிடைத்ததும் பொரியலால்தான். அந்த நாளில் அந்தப் பெண் பக்கத்துத் தெருத் தையற்கடையில் பொத்தானுக்குத் துளை தைத்துக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். தைத்த துணிகளை இஸ்திரிக்குக் கொண்டுவருவது அவர் வேலை. ஒருநாள் துணி தயாராகாமல் காத்திருக்க நேர்ந்தபோது, மொறுமொறு தனக்காகப் பொரித்து வைத்திருந்த உருளைக்கிழங்கை ஒரு காகிதத்தில் வைத்து நீட்டினார். அடுத்த வாரம் அந்தப் பெண் அவசரமே இல்லாத இரண்டு சட்டைகளோடு வந்து, "நிதானமா தேய்ங்க, நான் இருக்கேன்" என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவருடைய தையல் மெஷினும் கடையின் ஜன்னலோரம் வந்து சேர்ந்தது. தெரு அவரைத் தையலக்கா ஆக்கியது. ஒரே மகள் படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். கடைக்குப் பின்னால் ஒரு கதவு, கதவுக்குப் பின்னால் அடுக்களை, அதற்கும் பின்னால் துணி காயப்போடும் முற்றம். இவ்வளவுதான் அவர்கள் ராஜ்யம்.

அடுக்களை அலமாரியில் மூடி போட்ட ஒரு தூக்குப்பாத்திரம் இருந்தது. பொரித்து முடித்ததும் மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி அதில் ஊற்றுவார். மறுநாள் குறைந்ததற்கு மேலே கொஞ்சம் புது எண்ணெய். அந்தத் தூக்கு ஒருநாளும் காலியானதாகச் சரித்திரம் இல்லை.

"ஏங்க, இது எண்ணெயா இல்ல லாரிக்கு ஊத்துறதா? கன்னங்கரேல்னு இருக்கு!"

"ருசியே அதுலதான் இருக்கு. உனக்கென்ன தெரியும்" என்பார் அவர், பரம்பரைச் சொத்தைக் காப்பவர் போல.

முதல் அடி வக்கீலம்மா வழியாக விழுந்தது. வக்கீலம்மா என்பவர் அவர்களுடைய பழைய வாடிக்கையாளர். கறுப்புக் கோட்டில் ஒரு சுருக்கம் இருந்தாலும் வாதாடத் தொடங்கிவிடுவார். ஒரு மதியம் கடைக்குள் நுழைந்தவர், கோட்டைக் கழற்றி மேஜை மேல் போட்டார்.

"மோந்து பாருங்க."

மொறுமொறு குனிந்து முகர்ந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. சொல்லப்போனால் நல்ல வாசனையாகவே பட்டது.

"என்னம்மா, கறை ஏதாவது..."

"மீன்! பொரிச்ச மீன்! நான் எழுந்து நின்னு பேச ஆரம்பிக்கிறேன், நீதிபதி மூக்கைச் சுருக்கிக்கிட்டு கடிகாரத்தைப் பாக்குறாரு. எதிர்த்தரப்பு வக்கீல் என்ன சொன்னாரு தெரியுமா? 'சாப்பாட்டு இடைவேளைக்கு இன்னும் நேரம் இருக்கே'ன்னாரு. கோர்ட்டே சிரிக்குது. வாசல்ல இருந்த பூனை என் கார் வரைக்கும் கூடவே வருதுய்யா!"

தையலக்கா மெஷினை நிறுத்திவிட்டு முகத்தைத் துணிக்குள் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியதை வக்கீலம்மா கவனிக்காமல் போனது யார் செய்த புண்ணியமோ. மொறுமொறு மன்னிப்புக் கேட்டார், மறுபடி துவைத்துத் தருவதாகக் கெஞ்சினார். "அடுக்களைக்குப் பக்கத்துல துணி தொங்குற வரைக்கும் நான் இந்தப் பக்கம் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் கோட்டோடு கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் மொறுமொறு அடுக்களைக் கதவின் இடுக்கிலெல்லாம் பழைய துணியைத் திணித்து அடைத்துவிட்டுத்தான் சட்டியை வைத்தார். புகை வெளியே போக வழியில்லாமல் இரண்டு பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடி வந்தார்கள்.

இரண்டாவது அடி மூலைக் கிளினிக் டாக்டரிடமிருந்து வந்தது. அவருடைய வெள்ளைக் கோட்டுகளைக் கொடுக்கப் போனபோது, "வயசு ஐம்பது தாண்டியாச்சு, ரெண்டு பேரும் ஒருதடவை டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டுப் போங்க" என்றார் டாக்டர். தின்றதெல்லாம் ஒரே நாளில் கணக்குக் கேட்கப்போகிறது என்று மொறுமொறு நினைத்தார். ஆனால் முடிவு வாங்க இருவரும் போனபோது டாக்டர் அவரைப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு தையலக்கா பக்கம் திரும்பினார்.

"அம்மாவுக்குத்தான் ரத்தத்துல கொழுப்பு அதிகமா இருக்கு. மாத்திரை எழுதித் தர்றேன். தினம் நடக்கணும். எண்ணெயில முக்கிப் பொரிச்சது, அதுவும் திரும்பத் திரும்பச் சூடாக்கின எண்ணெய், அதையெல்லாம் விட்டுடுங்க."

வீட்டுக்கு நடந்து வரும்போது தையலக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "எனக்குக் கொழுப்பு அதிகம்னு இத்தனை வருஷமா நீங்கதான் சொல்லிட்டிருந்தீங்க. இப்ப டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. சந்தோஷமா?"

வழக்கமாக இதற்கு மொறுமொறு விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அன்று சிரிப்பு வரவில்லை. வெந்ததும் முதல் கரண்டி அவளுக்கு, நல்ல பொன்னிறமாக வந்தது அவளுக்கு, ஓரத்தில் தீய்ந்தது தனக்கு என்று ஒதுக்கி ஒதுக்கி வைத்தவர் அவர். ஆசை ஆசையாக நீட்டிய தட்டே இப்படித் திரும்பி வந்து நிற்கும் என்று யார் கண்டது? வீட்டுக்குள் வந்ததும் நேராக அடுக்களைக்குப் போய்த் தூக்குப்பாத்திரத்தை எடுத்தார். அதிலிருந்த எண்ணெயை ஒரு பழைய டப்பாவில் ஊற்றி மூடி, குப்பை எடுக்க வந்தவரிடம் கொடுத்தார். தூக்கைத் தேய்த்துக் கழுவப் பாதி சாயங்காலம் ஆனது. உள்ளே இருந்த பிசுக்கைப் பார்த்தபோதுதான், வக்கீலம்மாவின் கோட்டில் ஏறியது மீன் மட்டுமல்ல, இந்தப் பழைய எண்ணெயின் வாடையும்தான் என்று அவருக்கு உறைத்தது.

அதன் பிறகு வீட்டில் எல்லாமே வெந்நீரில் வெந்தது. வேகவைத்த உருளைக்கிழங்கு, வேகவைத்த கத்திரிக்காய், ஆவியில் வைத்த மீன். உப்பும் மிளகும் போட்டுப் பார்த்தார், எலுமிச்சம்பழம் பிழிந்து பார்த்தார். தையலக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. சட்டையில் ஒரு பொத்தான் கோணலாக இருந்தாலே ஊரைக் கூட்டுகிற மனுஷி, தட்டைப் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்குங்க" என்று சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனால் என்ன அர்த்தம்?

ஒரு மதியம் கடையில் கூட்டமில்லை. மொறுமொறு இஸ்திரிக்கு ஆவி தரும் கரண்ட் பாய்லரைத் தணித்துவிட்டுக் கால்சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கமிருந்து ஒரு சத்தம். கறுக். அவர் மடிப்பதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் மெதுவாக, கறுக். அந்தச் சத்தத்தை உலகத்தில் வேறு யார் தவறவிட்டாலும் அவர் விடமாட்டார். பூனை நடை நடந்து போய் எட்டிப் பார்த்தார். தையலக்கா பொத்தான் டப்பாவுக்குள் கையை விட்டிருந்தார். பொத்தான்களுக்கு நடுவே கடையில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம்.

"என்னம்மா, பொத்தான் தின்றியா?"

தூக்கிவாரிப் போட்டது அக்காவுக்கு. பொட்டலத்தை மறைக்கப் போய்ப் பொத்தான்களெல்லாம் தரையில் உருண்டோடின. இரண்டு பேரும் மேஜைக்கடியில் தவழ்ந்து பொறுக்கினார்கள். பொறுக்கிக்கொண்டே அக்கா சொன்னார்.

"நான் என்னங்க பண்ணுவேன்? வாய் கேக்குது. நீங்க முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு அவிச்சு அவிச்சுக் குடுக்குறீங்க. நல்லாயில்லன்னு சொன்னா மனசு ஒடைஞ்சிடுவீங்கன்னு முழுங்குறேன். துவைச்ச துணியைத் தின்ற மாதிரி இருக்கு."

மேஜைக்கடியிலேயே உட்கார்ந்து மொறுமொறு சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "எனக்கும் அப்படித்தான் இருக்கு. உனக்குப் பிடிச்சிருக்குன்னு நெனச்சு நானும் முழுங்கிட்டிருந்தேன்."

அக்காவின் தம்பி ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பவன். உலகத்தில் எந்தக் கஷ்டத்துக்கும் ஒரு மெஷின் இருக்கிறது என்பது அவன் நம்பிக்கை. விஷயத்தைக் கேள்விப்பட்டதும் அந்த வாரமே ஒரு பெரிய பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினான்.

"மாமா, இது ஏர் ஃபிரையர். உள்ள ஒரு ஃபேன் சுத்தும். சூடான காத்துதான் பொரிக்கும். எண்ணெய்ச் சட்டிக்கு இனிமே வேலையே இல்ல."

"காத்துல பொரிக்கிறதா? காத்தைத் தின்னு வயிறு நெறையுமா மாப்ளே?"

"போட்டுப் பாத்துட்டுப் பேசுங்க மாமா!"

போட்டுப் பார்த்தார்கள். உருளைக்கிழங்கை நறுக்கி, கழுவின ஈரத்தோடு கூடை நிறைய அமுக்கி வைத்து, மெஷினின் குமிழைத் திருகினான் மச்சினன். அந்த நேரம் பாய்லரும் இஸ்திரிப் பெட்டியும் ஓடிக்கொண்டிருந்தன. மெஷின் உறுமிய மாத்திரத்தில் பட்டென்று ஒரு சத்தம். கடை இருண்டது. இஸ்திரிப் பெட்டி செத்தது. பக்கத்து வீட்டில் பாடிக்கொண்டிருந்த டீவியும் நின்றது. "யாருப்பா அது?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

ஃபியூஸ் போட்டு, பாய்லரை அணைத்து, மறுபடி ஓட்டி எடுத்தபோது கூடையில் இருந்தது பொரியலும் இல்லை, அவியலும் இல்லை. மேலே காய்ந்து, உள்ளே சொதசொதவென்று, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. மச்சினன் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றான், மென்றான், மென்றுகொண்டே இருந்தான்.

"உடம்புக்கு நல்லது மாமா" என்றான் கடைசியில்.

"நல்லதுன்னா இப்படித்தான் இருக்கும்னா நான் பட்டினி கிடந்துக்கிறேன்" என்றார் மொறுமொறு.

தையலக்கா இந்தத் தடவை முழுங்கவில்லை. "தம்பி, தப்பா நினைக்காத. இதுக்கு அந்தப் பொத்தானே தேவலாம்" என்று துப்பிவிட்டார். மெஷின் அலமாரி மேலே ஏறியது.

அடுத்து வந்தது மழை வாரம். கொடியில் போட்டது எதுவும் காயவில்லை. மொறுமொறு அரை ஈரத் தலையணை உறைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பெட்டி பட்டதும் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. துணி சூடானதே தவிர, விறைப்பு ஏறவில்லை. சூடு தணியுமுன் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியதில், கொஞ்சம் விறைத்திருந்ததும் துவண்டு போனது. முப்பது வருஷமாகத் தெரிந்த விஷயம்தான். ஈரம் இருக்கிற வரைக்கும் சூடெல்லாம் அதை ஆவியாக்கவே செலவாகும். கஞ்சி திட்டுத்திட்டாக நின்றால் அந்த இடம் மட்டும் தீயும். அடுக்கி வைத்தால் ஆவி போக வழியிருக்காது. பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு அவர் அப்படியே நின்றார்.

"என்னங்க, கரண்ட் போச்சா?"

"இல்லம்மா. உருளைக்கிழங்கு இருக்கா வீட்டுல?"

அன்று கடையைச் சீக்கிரமே சாத்தினார்கள். கிழங்கை விரல் கனத்துக்கு நறுக்கித் தண்ணீரில் போட்டார். மெல்லிசாக நறுக்கினால் எண்ணெய் குடிக்க இடம் அதிகம் என்று அவர் கைக்கு ஏற்கெனவே தெரியும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பால் போல வெளுத்தது. "பாத்தியா, கஞ்சி! இதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டவச்சது" என்று தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு புதுத் தலையணை உறையை எடுத்தார்.

"ஐயோ, அது புதுசுங்க!"

"துவைச்சுத் தர்றேன். வேற என்ன தொழில் பண்றேன் நான்?"

கிழங்கை உறைக்குள் போட்டு வாயை முறுக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்று தலைக்கு மேல் சுழற்றினார். தண்ணீர் நாலா பக்கமும் தெறித்தது. பாதி அக்காவின் மேல். "ஐயோ, போதும்ங்க, பேயை விரட்டுற மாதிரி சுத்துறீங்களே!" என்று அக்கா கத்திக்கொண்டே ஓடினார். அப்புறம் மொறுமொறு கிழங்கை ஒரு துண்டில் பரப்பி ஒற்றி எடுத்தார். தொட்டால் கையில் ஈரம் ஒட்டாமல் ஆனபிறகுதான் ஒரே ஒரு சின்னக் கரண்டி எண்ணெய் விட்டுப் பிசறினார். மெஷினைக் காலியாகவே ஓட்டிச் சூடேற்றினார். பாய்லரை மறக்காமல் அணைத்திருந்தார். கிழங்கை ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் ஒரே வரிசையாக வைத்தார். பாதியில் கூடையை வெளியே இழுத்துக் குலுக்கினார்.

"நல்லா செவக்கட்டும்ங்க."

"வேணாம். பொன்னிறம் போதும். கருகினா அதுவும் உடம்புக்கு ஆகாது. உப்பு இப்ப இல்ல, எடுத்தப்புறம்தான். முன்னாடியே போட்டா தண்ணி விட்டுக்கும்."

கம்பித் தட்டில் கொட்டியபோது கலகலவென்று ஒரு சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா ஒன்றை எடுத்து ஊதி, கண்ணை மூடிக்கொண்டு கடித்தார்.

கறுக்.

"எப்படி?" என்றார் மொறுமொறு.

அக்கா அவசரப்படவில்லை. இன்னொன்றை எடுத்தார். "பழைய மாதிரி இல்ல" என்றார். மொறுமொறுவின் முகம் விழுந்தது. "இருங்க, சொல்லி முடிக்கிறேன். பழைய மாதிரி இல்ல, ஆனா இது வேற மாதிரி நல்லாயிருக்கு. முன்னாடி எண்ணெய் ருசிதான் தெரியும். இதுல கிழங்கு ருசி தெரியுது. இன்னொரு ஈடு போடுங்க."

அந்த வருஷம் அவர் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். கத்திரிக்காய் எண்ணெயைப் பஞ்சு போல உறிஞ்சும். அதனால் துண்டு துண்டாக நறுக்கி, அக்கா தையல் மெஷின் துடைக்கும் பழைய பிரஷ்ஷால் எண்ணெயை மேலாகத் தடவினார். (சமையலுக்கென்று புதுப் பிரஷ் வாங்கிய பிறகுதான் அக்கா அதைச் சாப்பிட்டார்.) மீனுக்கு மெஷின் சரிப்படவில்லை. அதற்குப் பழைய இரும்புக் கல்தான். மீனை ஒற்றிக் காயவைத்து, கல்லை நன்றாகச் சூடாக்கி, படலமாக எண்ணெய் தடவி, போட்ட பிறகு கை வைக்காமல் பொறுத்திருந்தால் தானாகவே கல்லை விட்டு வரும். முதல் மீன் அவசரத்தில் உடைந்து தூளானது. இரண்டாவது மீனும் அப்படித்தான். மூன்றாவதிலிருந்து மீன்கள் முழுசாகப் பிழைத்தன. வெங்காயம் மட்டும் கடைசிவரை அவருக்குப் பணியவில்லை. மெஷினுக்குள் காற்று அடித்த வேகத்தில் அது பறந்து போய் மேலே ஒட்டிக் கருகியது.

கல்லில் கொஞ்சம் மிஞ்சிய எண்ணெயை எடுத்து வைக்கலாமா என்று பழைய கை துறுதுறுக்கும். அக்கா அடுக்களை வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார். அவ்வளவுதான், மொறுமொறு அதைக் காகிதத்தால் துடைத்துப் போட்டுவிடுவார்.

புகை நின்றதும் கடையின் வாடையும் போனது. வக்கீலம்மா நடுவிலேயே திரும்பி வந்துவிட்டார். வேறு கடையில் கோட்டை அதிகச் சூட்டில் தேய்த்து முதுகைக் கண்ணாடி போலப் பளபளக்க வைத்துவிட்டார்களாம். வந்தவர் வாசலிலேயே நின்று மூக்கை நீட்டி நீட்டி முகர்ந்தார். "ஒண்ணும் அடிக்கலையே! பொரிக்கிறதை விட்டுட்டீங்களா?" என்றார். "விடலைங்கம்மா, ஜாமீன்ல இருக்கேன்" என்றார் மொறுமொறு. வக்கீலம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மழைக்காலம் முடிந்து தையலக்கா மறுபடி ரத்தம் கொடுத்தார். கொழுப்பு இறங்கியிருந்தது. மொறுமொறு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தலையணை உறைக் கதையை முழுக்கச் சொன்னார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாப் பெருமையும் உங்களுக்கில்ல. மாத்திரை இருக்கு, அம்மா தினம் நடக்குறாங்க. அதுல உங்க பங்கும் இருக்கு. விட்டுடாதீங்க" என்றார். பங்கு என்ற வார்த்தையே அவருக்குப் போதுமாயிருந்தது. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் அதைப் பெரிய பங்காக்கிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

இருந்தாலும் எண்ணெய்ச் சட்டியை அவர்கள் அடியோடு தூக்கி எறியவில்லை. டாக்டரிடமே கேட்டு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டார்கள். அன்று கொடியில் ஒரு துணி இருக்காது. முற்றத்தில் சின்ன அடுப்பு, அளவாகப் புது எண்ணெய். ஒரு துண்டைப் போட்டுப் பார்த்து, அது உடனே நுரை கட்டி மேலே வந்தால்தான் மற்றதைப் போடுவார். எண்ணெய் காய்வதற்கு முன் போட்டால் குடித்துவிடும். புகைய ஆரம்பித்தால் வேறு வினை. முதல் ஞாயிறு மச்சினனும் வந்திருந்தான். பழையபடி பொன்னிறமாக வந்த முதல் ஈடு அக்காவின் தட்டுக்குப் போனது. அக்கா ரசித்துத்தான் சாப்பிட்டார். நாலைந்து துண்டு ஆனதும் தட்டை ஓரமாக வைத்தார்.

"ஏம்மா, நல்லாயில்லையா?"

"பிரமாதம்ங்க. வாய்க்கு ஆசைதான், வயிறு போதும்ங்குது. நீங்க சாப்பிடுங்க."

மிச்சத்தை மொறுமொறுவும் மச்சினனும் போட்டி போட்டுத் தீர்த்தார்கள். மறுநாள் காலையில் மொறுமொறு எழுந்திருக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருந்தார். இத்தனை வருஷம் கல்லைத் தின்றாலும் கரைத்த வயிறு, பழக்கம் விட்டதும் ஒரே நாளில் கவிழ்த்துவிட்டது. தையலக்கா அவருக்குச் சீரகத் தண்ணீர் கொடுத்துவிட்டு, கடையைத் திறந்து பாய்லரைப் போட்டு, தன் கையாலேயே சட்டைகளைத் தேய்த்தார். மடிப்பு ஒன்றிரண்டு கோணல்தான். மச்சினனுக்கும் அன்று வேலைக்குப் போக முடியவில்லை என்று போன் வந்தது.

இப்போதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கு அவரே பாதிக் கிழங்குதான் எடுக்கிறார். மற்ற சாயங்காலங்களில் தலையணை உறையைச் சுழற்றுவது அவர் வேலை. கூடையைக் குலுக்குவது யார் என்பதில்தான் இன்னும் தகராறு ஓயவில்லை. அவர் ரொம்பக் குலுக்கி உடைக்கிறார் என்பது அக்காவின் கட்சி. அக்கா குலுக்குவதே இல்லை, தட்டிக்கொடுக்கிறார் என்பது அவர் கட்சி. மச்சினன் வரும்போதெல்லாம் இரண்டு பேர் கட்சிக்கும் தலையாட்டிவிட்டு, கம்பித் தட்டில் இருப்பதை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு நழுவிவிடுகிறான்.